சிஸ்கியூ கவுண்டியை எடைபோடும் வரைபடம்: ஃபீமாவின் ‘நேஷனல் ரிஸ்க் இண்டெக்ஸ்’ பற்றிய மதிப்புரை

கலிஃபோர்னியாவின் வடகோடியில், ஆரிகன் எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிஸ்கியூ கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒரு வீட்டையோ காட்டோர நிலத்தையோ வாங்கலாமா என்று யோசிப்பவருக்குக் காசு செலவில்லாமல் முதலில் திறந்து பார்க்கக் கிடைக்கும் கருவி, ஃபீமா எனப்படும் கூட்டரசின் அவசரநிலை மேலாண்மை முகமை வெளியிட்டுள்ள ‘நேஷனல் ரிஸ்க் இண்டெக்ஸ்’ ஆகும். நாடெங்கும் உள்ள 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகளையும், அவற்றுக்குள் அடங்கும் சென்சஸ் டிராக்டுகள் எனப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சிறு பகுதிகளையும் 18 வகை இயற்கைப் பேரிடர்களுக்கு மதிப்பிட்டு, நிறம் தீட்டிய வரைபடமாகவும் அச்சிடத்தக்க அறிக்கையாகவும் அது தருகிறது. 2023 மார்ச்சில் வெளியான பதிப்பை எடுத்துக்கொண்டு, இந்த ஒரு கவுண்டியின் நிலத்திலும் வரலாற்றிலும் அதைப் பொருத்திப் பார்த்து எழுதுகிறேன். கவுண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்த இது நல்ல கருவி. ஒரு வீட்டின் வாசலில் நின்று முடிவெடுக்க இது போதாது என்பது என் கருத்து.

சிஸ்கியூவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சுமார் 16,400 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2020 கணக்கெடுப்பின்படி 44,076 பேர் மட்டுமே வாழும் இந்தக் கவுண்டியில் காட்டுத்தீ, வறட்சி, ஆற்று வெள்ளம், மண்சரிவு, கடும்பனி ஆகியவற்றோடு, 4,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஷாஸ்டா எரிமலையும் உண்டு. கடல் இல்லாததால் சுனாமியும் கடலோர வெள்ளமும் இங்கே பொருந்தா; மற்றபடி இண்டெக்ஸின் பட்டியலில் பெரும்பகுதியை இந்த ஒரு கவுண்டியிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். மக்கள் அடர்த்தி மிகுந்த இடங்களில் ஒழுங்காக ஓடும் கணக்கு, சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர்கூட இல்லாத இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

கணக்கின் அடிப்படை எளிமையானது, அதை ஃபீமா மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு பேரிடருக்கும் அது தாக்கக்கூடிய இடத்தில் உள்ள சொத்தும் மக்களும் எவ்வளவு, அது ஆண்டுக்கு எத்தனை முறை வரக்கூடும், வந்தால் எத்தனை பங்கு அழியும் என்ற மூன்றையும் பெருக்கினால் எதிர்பார்க்கத்தக்க ஆண்டு இழப்பு டாலரில் கிடைக்கிறது. அந்த இழப்பு, சமூகத்தின் நலிவு மிகுந்தால் கூட்டப்படுகிறது, மீண்டெழும் திறன் மிகுந்தால் குறைக்கப்படுகிறது. கட்டடம், விளைச்சல், மனித உயிர் ஆகிய மூன்றும் இதில் அடக்கம். உயிரை டாலராக மாற்ற, ஓர் இறப்புக்கு 1.16 கோடி டாலர் என்றும், பத்துக் காயங்கள் ஓர் இறப்புக்குச் சமம் என்றும் வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது மனம் கூசினாலும், இப்படி ஓர் எண் இல்லையென்றால் நாலாயிரம் பேர் உள்ள பள்ளத்தாக்கின் உயிர்கள் கணக்கில் வராமலே போய்விடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் முதலில் கண்ணில் படும் 0 முதல் 100 வரையான மதிப்பெண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 90 என்றால் பேரிடர் வருவதற்கு 90 விழுக்காடு வாய்ப்பு என்று பொருளல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு கவுண்டிகள் இதற்குக் கீழே நிற்கின்றன என்பதே பொருள். வரிசையில் முதலிடம் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கு. அங்கே இழப்பதற்கு இருக்கும் கட்டடங்களும் மக்களும் அவ்வளவு அதிகம் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் மொத்த டாலரை வைத்து வரிசைப்படுத்தும் இந்த முறையில், ஆள் குறைந்த ஒரு வடக்குக் கவுண்டியின் நிறம் எப்போதும் சற்று வெளிறியே தெரியும். ஆகவே சிஸ்கியூவின் ஒட்டுமொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. அதற்குக் கீழே பேரிடர் வாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியலுக்கு இறங்கிப் போய், ஆண்டு இழப்பையும் அதைத் தாங்கும் மொத்தச் சொத்து மதிப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத்தான் இந்தக் கருவி பேசத் தொடங்குகிறது.

சென்சஸ் டிராக்ட் அளவில் பார்க்கலாம் என்பது பெரிய வசதியாகச் சொல்லப்படுகிறது. நகரத்தில் அது உண்மையே. அங்கே ஒரு டிராக்ட் என்பது நாலைந்து தெருக்கள். ஒரு டிராக்டில் சுமார் 4,000 பேர் இருக்க வேண்டும் என்பதே பொதுவான இலக்கு என்பதால், சிஸ்கியூவின் அடர்த்தியில் அத்தனை பேரைச் சேர்க்க ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வளைக்க வேண்டியிருக்கிறது. அந்த வளைவுக்குள் ஆற்றங்கரை உண்டு, புல்வெளி உண்டு, செங்குத்தான பைன் காட்டுச் சரிவும் உண்டு. மூன்றுக்கும் ஒரே நிறம்தான். இன்னொன்று, சமூகத்தின் மீண்டெழும் திறன் கவுண்டி அளவில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது; அந்த ஓர் எண்ணையே எல்லா டிராக்டுகளுக்கும் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையோரம் மருத்துவ வசதியோடு இருக்கும் வைரீக்காவும், கிளாமத் ஆற்றோரம் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஹேப்பி கேம்ப்பும் இந்த ஓர் அம்சத்தில் சமம் என்று ஆகிவிடுகிறது.

காட்டுத்தீயில்தான் இண்டெக்ஸின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிகின்றன. தீ பரவும் வாய்ப்பையும் அதன் கடுமையையும் கூட்டரசின் காடுகளைப் பராமரிக்கும் வன சேவை நடத்தும் பாவனைக் கணக்கீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். நடந்து முடிந்த தீயை மட்டும் எண்ணாமல், பல்லாயிரம் கற்பனைத் தீப்பருவங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பெறும் எண் அது என்பதால், இதுவரை எரியாத மலைச்சரிவையும் அது விட்டுவிடுவதில்லை. இந்த வகையில் ஆலங்கட்டி மழைக்கும் சூறாவளிக்கும் கொடுக்கும் எண்களைவிட இதன் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆனால் வீட் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஸ்டா மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர், 1897ல் இங்கே மர அறுவை ஆலையை வாங்கிய ஆப்னர் வீட் என்பவரிடமிருந்து வந்தது. அறுத்த மரத்தைக் காயவைக்க இங்கே ஓயாமல் வீசும் காற்று உதவும் என்று கண்டுதான் அவர் இந்த இடத்தைப் பிடித்தார். ஊர் பிறக்கக் காரணமாக இருந்த அதே காற்று, 2014 செப்டம்பர் 15 அன்று போல்ஸ் தீயைச் சில மணி நேரத்தில் ஊருக்குள் தள்ளி 150க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. எரிந்த மொத்தப் பரப்பு 516 ஏக்கர்தான். காட்டுத்தீ என்ற கணக்கில் அது ஒரு சிறு தீ. எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 2 அன்று மில் தீ அதே ஊரின் லிங்கன் ஹைட்ஸ் பகுதியை எரித்து நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் இரண்டு உயிர்களையும் கொண்டுபோயிற்று.

இண்டெக்ஸில் ‘பலத்த காற்று’ என்று ஒரு வகை இருக்கிறதே, அதில் இது வந்துவிடாதா என்று கேட்கலாம். வராது. அந்த வகை, மணிக்கு 58 மைலுக்கு மேல் வீசி, பெரும்பாலும் இடிமழையோடு வந்து கூரையைப் பெயர்க்கும் காற்றைத்தான் எண்ணுகிறது. மலையிடுக்கு வழியாக அதைவிடக் குறைந்த வேகத்தில் அடிக்கடி வீசி, தீப்பொறியை அடுத்த வீட்டுக் கூரைக்குக் கொண்டுசேர்க்கும் காற்று அந்தப் பட்டியலில் இடம் பெறாது. ஆகவே வீட் ஊரைப் பார்ப்பவர் பலத்த காற்றுக்கான கட்டத்தில் எந்த நிறம் வந்தாலும் அதைத் தீயோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. அந்த எண் வேறொரு கேள்விக்கான விடை.

பதினெட்டு வகைகளையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, கடைசியில் கூட்டிவிடுவதுதான் இந்தக் கருவியின் ஆழமான குறை என்று நினைக்கிறேன். சிஸ்கியூவில் பேரிடர்கள் தனித்தனியாக வருவதில்லை. 2022 ஜூலை 29 அன்று தொடங்கிய மெக்கினி தீ, இடிமேகங்களிலிருந்து இறங்கிய காற்றால் விரட்டப்பட்டு, கிளாமத் ஆற்றோரக் குடியிருப்பை அழித்து 60,000 ஏக்கரைத் தாண்டியது. நால்வர் இறந்தனர், அவர்களில் இருவரின் உடல்கள் ஒரு வீட்டின் வாசல் பாதையில் எரிந்து நின்ற வண்டிக்குள் இருந்தன. சில நாள்களில் எரிந்த சரிவுகளின் மேல் கனமழை கொட்ட, சாம்பலும் சேறும் ஆற்றில் இறங்கி, ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைக் கருக் பழங்குடியினர் அறிவித்தார்கள். வறட்சி, காற்று, தீ, மழை, சேற்றோட்டம் என்று ஒன்றையொன்று தொடர்ந்த இந்தச் சங்கிலியை இண்டெக்ஸ் துண்டுகளாக நறுக்கித் தனித்தனிக் கட்டங்களில் போட்டுவிடும். புகைக்கோ கட்டமே இல்லை. தீக்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் புகை, பதினெட்டில் ஒன்றாகக்கூடச் சேர்க்கப்படவில்லை.

சாலைக்கும் கட்டம் இல்லை. ஹேப்பி கேம்ப்பிலிருந்து வைரீக்காவுக்கு ஆற்றோடு வளைந்து செல்லும் 96ஆம் எண் சாலையில் சுமார் 70 மைல் போக வேண்டும். அது அடைபட்டால் மாற்று வழி மலைப்பாதைதான். ஒரு சமூகத்தின் நலிவை அளக்க, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 16 அளவுகோல்களை இண்டெக்ஸ் எடுத்துக்கொள்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், நடமாடும் வீடுகளில் வசிப்போர், வாகனம் இல்லாத குடும்பங்கள் ஆகியோர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் அடங்கும். நல்ல அளவுகோல்களே. வாகனம் இருக்கிறதா என்று கேட்டவர்கள், அது ஓடுவதற்கு எத்தனை சாலைகள் இருக்கின்றன என்றும் கேட்டிருக்கலாம்.

ஷாஸ்டா எரிமலை இந்தக் கணக்கு முறையை வேறொரு கோணத்தில் சோதிக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2018ல் வெளியிட்ட தரவரிசையில், மிக உயர்ந்த அச்சுறுத்தல் உள்ள 18 எரிமலைகளில் ஷாஸ்டா ஐந்தாவது. கடைசியாக அது வெடித்துச் சுமார் 3,200 ஆண்டுகள் ஆகின்றன. இண்டெக்ஸ் ஆண்டுச் சராசரியைத்தான் பார்க்கும் என்பதால், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை 100 கோடி டாலரை அழிக்கும் நிகழ்வும், ஆண்டுதோறும் 10 லட்சம் டாலரைத் தின்னும் பனிப்புயலும் அதற்கு ஒன்றே. ஆண்டு நிதி ஒதுக்குபவருக்கு அந்தச் சமன்பாடு பயன்படலாம். மலையடிவாரத்தில் பள்ளி கட்ட இடம் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. அப்படிப்பட்டவர் புவியியல் ஆய்வகத்தின் எரிமலை ஆபத்து வரைபடத்தை எடுத்து, எந்த ஓடை வழியாகச் சேறு இறங்கும் என்று பார்ப்பதே முறை. சேறு இறங்க எரிமலை வெடிக்க வேண்டும் என்றுகூட இல்லை: 2014 செப்டம்பரில், நீண்ட வறட்சிக்கு நடுவே, கான்வாகிட்டன் பனியாறு உருகி, மலையின் தென்கிழக்குப் பக்கமாக மட் கிரீக் ஓடையில் சேற்றோட்டமாக இறங்கியது. அது எரிமலையா, மண்சரிவா, வறட்சியா என்று கேட்டால் இண்டெக்ஸிடம் தெளிவான பதில் இல்லை. நிலநடுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஹேசஸ்’ என்ற தனி மென்பொருளில் செய்த தேசிய ஆய்வின் இழப்பு எண்களை அப்படியே எடுத்திருக்கிறார்கள், அது சரியான முடிவே.

வறட்சிக்கான கட்டத்தைத் திறப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே எண்ணப்படுவது வேளாண்மை இழப்பு மட்டுமே. ஸ்காட் பள்ளத்தாக்கிலும் ஷாஸ்டா பள்ளத்தாக்கிலும் 2021 ஆகஸ்டில் மாநில நீர்வள வாரியம் அவசர ஒழுங்குமுறை கொண்டுவந்து பாசன நீரைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு வறட்சி முற்றியபோது, வீட்டுக் கிணறுகளும் வற்றின. அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர் காய்ந்தால் அது இண்டெக்ஸில் வரும். குடிநீர்க் கிணறு வற்றி, தொட்டி வைத்து லாரி நீர் வாங்கும் குடும்பத்தின் செலவு வராது. நகராட்சிக் குழாய் இல்லாத நிலத்தை வாங்க நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறு இருக்க முடியாது.

வெள்ளத்தில் இன்னொரு சிக்கல். ஆற்று வெள்ளம் எத்தனை முறை வரும் என்பதை 1996 முதல் 2019 வரை பதிவான நிகழ்வுகளை எண்ணித்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். 1997 புத்தாண்டு வெள்ளம் அதில் அடங்கும். கிளாமத் ஆற்றில் பாலங்களையே அடித்துச் சென்ற 1964 கிறிஸ்துமஸ் வெள்ளம் அடங்காது. கால் நூற்றாண்டுக் கணக்கு, நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? போதாததற்கு, அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட ஆறும் இப்போது இல்லை. சிஸ்கியூவுக்குள் இருந்த அயர்ன் கேட், காப்கோ 1, காப்கோ 2 அணைகளும், ஆரிகனில் இருந்த ஜே.சி. பாய்ல் அணையும் 2024 இலையுதிர் காலத்துக்குள் அகற்றப்பட்டுவிட்டன. அவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை, வெள்ளத் தடுப்புக்காக அல்ல என்றாலும், கீழ்க்கரையில் வீடு வைத்திருப்பவர் பழைய நிறத்தை நம்பி இருந்துவிடக் கூடாது.

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும் இந்தக் கருவியை நான் பரிந்துரைக்கவே செய்கிறேன், யாருக்கு என்பதுதான் கேள்வி. பேரிடர்த் தணிப்புச் சட்டம் 2000ன்படி, தணிப்பு நிதி கேட்கும் கவுண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த திட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஓரிரு அலுவலர்களை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் ஒரு சிறு கவுண்டிக்கு, 18 பேரிடர்களுக்கும் ஒரே அடிப்படையில் அமைந்த எண்கள் ஓர் அட்டவணையில் இலவசமாகக் கிடைப்பது சாதாரண உதவி அல்ல. அண்டைக் கவுண்டியோடு ஒப்பிட்டு அறிக்கை எடுக்கலாம். முழுத் தரவையும் இறக்கிக்கொண்டு, ஒட்டுமொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, தலைக்கு இத்தனை டாலர் இழப்பு என்று தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது சிற்றூர்களின் நிலை வரைபடத்தில் தெரிவதைவிட நேர்மையாகத் தெரியும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் உள்ள தொழில்நுட்ப ஆவணம் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. வீட்டு விற்பனைத் தளங்களில் பத்துக்கு ஏழு என்று ஒரு மதிப்பெண்ணை மட்டும் காட்டிவிட்டு நகரும் தனியார் கணிப்புகளிடம் இந்த வெளிப்படைத்தன்மையை நான் காணவில்லை.

வீடு வாங்குபவர் இண்டெக்ஸில் அரை மணி நேரம் செலவழித்தால் போதும். அதிலிருந்து இங்கே எந்தெந்தப் பேரிடர்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்ற பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, தீக்கு வன சேவையின் ‘வைல்ட்ஃபயர் ரிஸ்க் டு கம்யூனிட்டீஸ்’ தளத்துக்கும் மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் தீ அபாய மண்டல வரைபடத்துக்கும், வெள்ளத்துக்கு ஃபீமாவின் வெள்ள வரைபடத்துக்கும் போக வேண்டும். கால் ஃபயர் வரைபடத்தில் மாநிலப் பொறுப்பிலுள்ள நிலங்களுக்கான பகுதி 2024 ஏப்ரல் 1 முதல் புதிய பதிப்பாக நடைமுறையில் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் அந்த மனை எந்த மண்டலத்தில் விழுகிறது என்று காட்டும். விலை பேசும் முன், வீட்டுக் காப்பீடு கிடைக்குமா என்று அந்த முகவரியை வைத்தே ஒரு முகவரிடம் எழுத்துவடிவில் கேட்டுப் பெறுவதும், கிணற்றின் ஆழத்தையும் 2021 கோடையில் அதில் நீர் இருந்ததா என்பதையும் விற்பவரிடம் கேட்பதும் இண்டெக்ஸில் இல்லாத வேலைகள்.